ராணியின் மீதிக் கதை

அந்த ராணியை எனக்குக் கொண்டுவந்து தந்தவள் என் மகள்தான். 2009 வசந்தம். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு தலைப்பை எடுத்து வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும். மற்றப் பிள்ளைகள் டொல்பின், எரிமலை, உதைபந்தாட்டம் என்று கெட்டித்தனமாகப் பொறுக்கிக்கொண்டுவிட்டார்கள். கடைசியாகக் கை தூக்கிய என் மகளுக்கு மிஞ்சியது ஆயிரம் வருடத்துக்கு முன்பு செத்துப்போன ஒரு ராணி. சுவிசில் நாங்கள் இருக்கிற சிறு நகரத்தின் நடுவில் ஒரு பழைய மடாலயக் கோயில் நிற்கிறது. அதை அந்த ராணியும் அவளுடைய தாயும் ஆதரித்து வளர்த்ததாகச் சொல்வார்கள். அதனால் வகுப்பில் யாராவது ஒருவர் அவளைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்பது ஆசிரியையின் பிடிவாதம்.

அந்த வசந்தத்தில் பிறத்தியாருடைய ராஜா ராணியைக் கேட்க எங்கள் வீட்டில் காது இருக்கவில்லை. வன்னியிலிருந்து வருகிற செய்தியைப் பார்த்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பேன். வேலை இல்லாத நாட்களில் ஜெனீவாவுக்கு ரயிலேறிப் போய்க் குளிரில் நின்று கத்திவிட்டு, தொண்டை கட்டித் திரும்புவேன். வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவளுக்குப் பத்து வயதில் தகப்பன் போய்விட்டார். குளிர்காலம் முழுக்க எங்கடின் மலைப் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்துவிட்டு வசந்தத்தில் வீட்டுக்கு வருகிறவர், ஒரு வருடம் வரவில்லை. குசினியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார்.

மகள் பேச்சை வீட்டில் தமிழில்தான் சொல்லிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் சலவைப் பிரெஞ்சு. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பு, கறை, சூடு, கவனம் என்பதற்கு அப்பால் அந்த மொழி என்னைத் தேடி வரவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. நான் உள்ளி உரித்துக்கொண்டிருக்க, குசினிக் கதவோரம் நிமிர்ந்து நின்று அவள் தொடங்கினாள்.

“ஒரு ராசாவுக்கு ஒரு மகள் இருந்தா.”

பர்கண்டி என்று அப்போது பெயர். இன்றைக்கு நாங்கள் விசா, வாடகை, காப்புறுதி என்று அல்லாடுகிற இந்த இடமெல்லாம் அந்த இராச்சியத்துக்குள்தான் கிடந்ததாம். மகளுக்கு ஆறு வயதளவில் ராசா செத்துப்போனான். இத்தாலியை ஆண்ட இன்னொரு ராசாவுக்கும் அவனுக்கும் அந்த இத்தாலி யாருடையது என்பதில் முன்பே இழுபறி. அவன் செத்ததும் மற்றவன் துக்கம் விசாரிக்க வருகிறவன்போல வந்து, விதவைத் தாயைத் தானே கட்டிக்கொண்டான். ஆறு வயதுப் பிள்ளையைத் தன் மகனுக்கு நிச்சயம் பண்ணினான்.

“தாயைத் தகப்பனும் மகளை மகனுமோ?” என்று கேட்டேன்.

“ஓம் அம்மா.”

“எங்கட ஆக்களின்ர மாற்றுச் சம்பந்தத்தையும் மிஞ்சிப்போட்டான்.”

“இடையில கதைக்காதேங்கோ. எனக்கு மறந்துபோகும்.”

பிள்ளை வளர்ந்தாள். நிச்சயம் பண்ணியவனையே கட்டினாள். இத்தாலிக்கு ராணியானாள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவளுக்கு இருபது வயது ஆகுமுன்பே புருஷன் திடீரென்று செத்துப்போனான். நஞ்சு வைத்தார்கள் என்று கதை. நஞ்சு வைத்ததாக எல்லோரும் சந்தேகப்பட்ட பிரபுவே முடியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். ஆனால் முடி இருந்தும் அவனுக்கு நிம்மதி இல்லை. அந்த நாடு ராணியோடுதான் ஒட்டியிருக்கிறது, அவளை யார் கட்டுகிறானோ அவன்தான் ராசா என்று சனம் நம்பியது. அதனால் அவன் தன் மகனைக் கொண்டுவந்து விதவைக்கு முன்னால் நிறுத்தி, இவனைக் கட்டு என்றான். அவள் மாட்டேன் என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை மகள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நகைகளைப் பிடுங்கினார்கள். தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். ஏரிக்கரையில் ஒரு கோட்டையில், ஒரேயொரு வேலைக்காரியோடு அடைத்து வைத்தார்கள். ஒரு பாதிரியார் வெளியிலிருந்து சுரங்கம் தோண்டி வந்தார். அதற்குள்ளால் ஊர்ந்து தப்பினாள். விளைந்து நின்ற வயலுக்குள் அவள் பதுங்கியிருக்க, தேடி வந்தவர்கள் ஈட்டியால் கதிர்களை விலக்கி விலக்கிப் பார்த்தார்களாம். அகப்படவில்லை. பிறகு ஜெர்மன் ராசா படையோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டான். நாடும் அவனுக்கு வந்தது.

“அம்மா, பொம்பிளையோட சேர்ந்து வாற நாட்டுக்குத் தமிழில என்ன சொல்லுறது?”

“நாடெண்டால் என்ன, வீடெண்டால் என்ன, பொம்பிளையோட வந்தால் சீதனம்.”

“உங்களுக்கும் சீதனம் தந்தவையோ?”

“எனக்கு ஒரு வீடு தந்தவை. ஊரில இருக்கு. இப்ப ஆமி இருக்குது அதுக்குள்ள.”

“அப்ப நீங்களும் ராணிதான்” என்று சொல்லிச் சிரித்தாள். மிச்சக் கதை என்ன என்று கேட்டேன். மிச்சத்துக்கு நேரம் காணாது, தப்பின இடத்தோடு நிறுத்தப்போகிறேன் என்றாள். நிறுத்தினாள். வகுப்பு கைதட்டியதாம். அதற்குள் மே மாதம் வந்துவிட்டது. எங்களுக்கு எல்லாம் முடிந்துபோனது. ராணியை நான் மறந்துவிட்டேன்.

இனி என் சீதனத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தாயின் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்த வீடு அது. ஆண் பிள்ளைகள் தகப்பன் வழியில் வருவதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. சோற்றை வலக்கையால் தின்பதுபோலத் தெரிந்த விஷயம். அண்ணா என்னை விட ஐந்து வயது மூத்தவர். சின்ன வயதில் அந்த வீட்டு முற்றத்தில் பந்தடித்துச் சுவரைப் பழுதாக்கினால், “தங்கச்சியின்ர வீட்டை ஏன்ரா உடைக்கிறாய்?” என்றுதான் அம்மா அவரைப் பேசுவார்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இருந்த அந்த வீட்டை விட்டு நாங்கள் தொண்ணூறில் எழும்பி ஓடினோம். பிறகு அந்தப் பகுதி முழுக்க ராணுவத்துக்குப் போனது. தொண்ணூற்று நான்கில், கொழும்பில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை சுவிஸ். அவர் முற்போக்கு. “நான் சீதனம் வாங்கமாட்டன்” என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அம்மாவுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. மண்டபத்தில் சொந்தக்காரர் எல்லோருக்கும் கேட்க, “அவர் கேக்காட்டிலும் வீடு என்ர பிள்ளைக்குத்தான்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணாவும்தான் ஆட்டினார்.

ஆனால் உறுதிப் பத்திரம் எழுதவில்லை. கண்ணால் காண முடியாத வீட்டை எழுதிக் கொடுப்பது சரியில்லை, அபசகுனம், போய்க் குடிபுகுந்த பிறகு எழுதுவோம் என்றார் அம்மா. மாப்பிள்ளையான இவர், எழுதினால் அதுதானே சீதனம், எழுதவே வேண்டாம் என்றார். ஒருவருக்குச் சகுனம், மற்றவருக்குக் கொள்கை. நடுவில் நான் மாலையோடு இருந்தேன். எங்களுக்குள் எழுத்து என்னத்துக்கு என்று எல்லோருமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டு சாப்பிடப் போனோம்.

அண்ணா எனக்கு முன்பே சுவிசுக்கு வந்தவர். இன்டர்லாக்கனில் பல குசினிகளில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, பிறகு சொந்தமாக ஒரு உணவகம் திறந்தார். மலை பார்க்க வருகிற இந்தியர்களுக்குச் சோறும் பருப்பும் போட்டுத் தலை நிமிர்ந்தவர். என் புருஷன் போன பிறகு எங்களுக்கு ஒத்தாசையாகவும் இருந்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். நான் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மற்றவர்களின் படுக்கை விரிப்பைத் துவைக்கிறவள். உலகத்தில் எங்கேயாவது எனக்கென்று ஒரு சுவர் நிற்கிறது என்றால் அது அங்கேதான் என்று நினைத்துக்கொண்டே நாட்களை ஓட்டினேன். போகவே முடியாத வீடாக இருந்தாலும் அது என்னுடையது, எனக்குப் பிறகு என் மகளுடையது.

சண்டை முடிந்து வருடங்கள் கழித்து ராணுவம் காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கியது. எங்கள் ஒழுங்கையும் விடுபட்டது. அண்ணாதான் முதலில் போய்ப் பார்த்தார். அங்கிருந்தே எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்.

“பிள்ளை, உன்ர வீட்டைப் பாத்தன். சுவர் மட்டும்தான் நிக்குது. குசினிக்குள்ள வேப்பமரம் முளைச்சிருக்கு. நீ யோசிக்காதை. நான் எழுப்பித் தாறன்.”

நான் சலவைக் கூடத்தில் நின்று, இயந்திரங்களின் சத்தத்துக்குள் ஓவென்று அழுதேன். கூட வேலை செய்கிற போர்த்துக்கல்காரி யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வீடு எழும்பியது. அண்ணா படங்கள் அனுப்புவார். கூரை வந்தது, ஜன்னல் வந்தது. பிறகு ஒரு நாள் தரை ஓடு பதித்த படம் வந்தது. என்ன நிறம் வேண்டும் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணி தெரிந்தெடுத்தாராம். வெளிர்ப் பச்சை. எனக்கு அந்த நிறத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனாலும் கட்டுகிறவர்கள் அவர்கள், சும்மா இருக்கிறவள் நான், நிறத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே புத்தி சொல்லிக்கொண்டேன். அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்காதது என் தலைவிதி.

2017 ஆவணியில் குடிபூரல் வைத்தார்கள். புதுவீடு புகுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்பதால், பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்த சுவிஸ் சொந்தமெல்லாம் திரும்பிப் போன பிறகுதான் நாள் வந்தது. நான் லீவு கெஞ்சி வாங்கினேன். மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு ஒரு காஞ்சிபுரம் எடுத்தேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டாள். உன்ர வீட்டுக்கு நீ முதல்முதல் போறாய் என்று சொன்னேன்.

குடிபூரலில் முக்கியம் பால். வீட்டுக்குரிய பெண் புதுப் பானையை ஏந்திக்கொண்டு வலக்காலை எடுத்து வைத்து உள்ளே போவாள். நடு அறையில் மூன்று கல் வைத்து, அவள் கையால் பால் காய்ச்சிப் பொங்க விடுவாள். ஐயர் மந்திரம் சொல்கிறார், பசுவும் கன்றும் வருகிறது, அதெல்லாம் இருக்கட்டும். பானை யாருடைய கையில் இருக்கிறது என்றுதான் வந்த சனம் பார்க்கும். அந்தக் கைதான் வீட்டுக்காரி.

அம்மா வாசற்படிக்குப் பக்கத்தில், மாவிலை கட்டிய பானையை ஏந்திக்கொண்டு நின்றார். மெலிந்துபோயிருந்தார். நான் முன்னுக்குப் போனேன்.

“நீ கொஞ்சம் தள்ளி நில், பிள்ளை. நல்ல காரியம்” என்றார்.

எனக்கு அது முற்றிலும் எதிர்பாராதது இல்லை. புருஷன் இல்லாதவள் பானை தொடக் கூடாது என்று ஊர் சொல்லும் என்று தெரியும். அம்மாவுக்கும் புருஷன் இல்லை. கொடுக்கிற கைக்குக் குற்றமில்லை, வாங்குகிற கைக்கு மட்டும்தான் குற்றம் போலிருக்கிறது. சரி, இவ்வளவு தூரம் வந்து சண்டை பிடிக்காமல் விடுவோம் என்று விலகினேன். எனக்குப் பக்கத்தில் மகள் அந்தக் காஞ்சிபுரத்தோடு நிற்கிறாள். கன்னிப் பெண். அவள் ஏந்தக் குறையே இல்லை. தாய்க்கு இல்லாவிட்டால் மகளுக்கு. அதுதானே முறை. நான் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பானை மகளுக்கு முன்னால் வந்தது. வந்து, நிற்காமல் தாண்டிப் போய், அண்ணியிடம் சேர்ந்தது. அண்ணி வலக்காலை எடுத்து வைத்தார். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் அலறியது. வந்த சனம் பார்த்துவிட்டது.

பால் நன்றாகப் பொங்கியது என்று எல்லோரும் சொன்னார்கள். வெளிர்ப் பச்சைத் தரையில் வழிந்து ஓடியது. அண்ணியின் அக்கா துணி கொண்டுவந்து துடைத்தார்.

பந்தி முடிந்து, வந்தவர்கள் கலைந்து, வீட்டார் மட்டும் மிஞ்சிய பிறகு அண்ணாவைக் கேட்டேன். அம்மா சாய்கதிரையில் இருந்தார். அண்ணாவின் மகன் ஒரு மூலையில் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். பேர்ணில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

“அண்ணை, இது எனக்கெண்டு சொன்ன வீடெல்லோ?”

“ஆர் சொன்னது?” என்றார். குரலில் கோபமில்லை. கணக்குத் தீர்ந்துபோன ஒன்றைக் கேட்கிறேனே என்ற ஆச்சரியம்தான் இருந்தது. “மச்சான்தானே சீதனம் வேண்டாம் எண்டவர். நாங்கள் குடுக்கக் குடுக்க அவர்தானே தள்ளினவர். அம்மா எனக்குத்தான் எழுதினவ. நாளைக்குக் கொள்ளி வைக்கிறவன் நான்தானே.”

அம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இவருடைய கொள்கை, நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட கொள்கை, என் தலையிலேயே விடிந்திருக்கிறது. செத்த மனுஷனிடம் போய் யார் நியாயம் கேட்பது? சீதனம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்ததா என்றுகூட அன்றைக்குத்தான் யோசித்தேன். வீடு எனக்கல்லவா வந்தது. வேண்டாம் என்றவர் அவர்.

அண்ணா குரலை இறக்கி, சிரித்துக்கொண்டு சொன்னார்: “அதுக்காக உன்னைக் கைவிடுவனோ? உன்ர பிள்ளையை என்ர பெடியனுக்குத் தா. மச்சான் மச்சாள், முறைதானே. அவள் வந்து இஞ்ச விளக்கேத்தினால் வீடு உனக்கு வந்த மாதிரித்தானே. ஊர் வாயும் மூடும்.”

ஊர் வாய் என்றதும் விளங்கியது. மண்டபத்தில் தலையாட்டிய சனத்தில் பாதிக்கு மேல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அன்றைக்குப் பானை போன திசையைப் பார்த்து அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டதை அவரும் கண்டிருக்கிறார். வீடு கையில் இருக்கிறது, ஆனால் அது என்னோடு ஒட்டிய வீடு என்று ஊர் நம்புகிறது. என் மகள் அந்த வாசலால் மருமகளாக வந்தால் எல்லாம் கழுவித் துடைத்ததுபோலாகும். அப்போதுதான் எனக்கு ராணியின் ஞாபகம் வந்தது. முடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டவன், பிறகு மகனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினான். இங்கே அந்த மகன் தலை நிமிராமல் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பேர்ணில் ஒரு சிநேகிதி இருப்பது எங்களெல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உடனே வாய் வரவில்லை. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஓம் என்று சொல்லு என்கிற பார்வை. குசினி வாசலில் மகள் பாயசத் தட்டோடு வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. தட்டை வைக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை அண்ணை” என்றேன். “என்ர பிள்ளை வீட்டுக்குக் கொசுறா வாற சாமான் இல்லை. வீட்டை நீங்கள் வைச்சிருங்கோ.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றார் அண்ணா.

“யோசிச்சாச்சு.”

அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். “அப்ப உனக்கு இஞ்ச ஒண்டும் இல்லை.”

நாங்கள் அன்றைக்கே யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதிக்குப் போனோம். அறைக்குள் போனதும் மகள் அந்தக் காஞ்சிபுரத்தை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, என் மடியில் வந்து தலை வைத்தாள். சின்ன வயதில் அப்படிப் படுப்பாள். களைத்துப்போனாள் என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

சுவிசுக்குத் திரும்பியபோது கதை எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. திரிம்பாக் கோயில் திருவிழாவில், பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கையில், எனக்குக் கேட்கட்டும் என்றே ஒருத்தி சொன்னாள்: “சுவிசில இருக்கிறவளுக்கு ஊர் வீடு என்னத்துக்கு? உது சும்மா வீம்பு.” அண்ணாவும் சுவிசில்தான் இருக்கிறார் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஆண் பிள்ளைக்கு எங்கே இருந்தாலும் ஊர் வீடு வேண்டும். அண்ணா அன்றைக்கு என்னைக் கண்டு, காணாதவர்போலத் தேர்வடத்துப் பக்கம் போனார். நானும் திருநீற்றைப் பூசிக்கொண்டு ரயிலுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. சாமியோடு கோபமில்லை. வரிசையோடுதான் கோபம்.

அம்மா என்னோடு கதைக்காமலே போய்ச் சேர்ந்தார். கொரோனாக் காலம். விமானம் இல்லை. அண்ணா இன்டர்லாக்கனில் இருந்தும் நான் இங்கே இருந்தும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியில் செத்த வீட்டைப் பார்த்தோம். யாரோ பிடித்த படம் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த வெளிர்ப் பச்சைத் தரையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். கொள்ளி வைத்தது ஒரு தூரத்துப் பெறாமகன், மகன் முறை. பக்கத்து ஒழுங்கையில் கோழி வளர்க்கிறான். கொள்ளிக்காக எழுதிய வீடு. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது.

அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. அண்ணாவின் மகன் பேர்ண் பெண்ணையே கட்டிவிட்டான். வருடத்துக்கொரு தரம் யாரோ வந்து ஜன்னலைத் திறந்து மூடுகிறார்கள் என்று கேள்வி. வேப்பமரம் மறுபடி முளைக்கட்டும் என்று ஒரு பக்கம் மனம் சபிக்கிறது. என் கண் பட்டு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மறு பக்கம் பதறுகிறது. இப்படிக் கேவலமான மனம் எனக்கு.

மகள் லௌசானில் மருந்தகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். தனியாக ஒரு அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். போன இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, மழை. வீட்டுக்குள் இருந்து என்ன செய்வது என்று மடாலயக் கோயிலுக்குப் போனோம். இத்தனை வருடம் அதற்குப் பக்கத்திலே இருந்தும் நான் உள்ளே போனதில்லை. நீண்டகாலம் திருத்தி, இப்போது உள்ளே விளக்கமெல்லாம் வைத்துத் திறந்துவிட்டார்கள். ஒரு சுவரில் நம்முடைய ராணியின் கதை படங்களோடு இருந்தது. தப்பி ஓடிய சுரங்கம், ஒளிந்த வயல், எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பழைய சிநேகிதியைக் கண்டதுபோல இருந்தது. ஆனால் படங்கள் அதோடு முடியவில்லை.

“உது என்ன மிச்சம்?” என்று கேட்டேன்.

மகள் வாசித்து வாசித்துச் சொன்னாள். ராணி ஜெர்மன் ராசாவைக் கட்டிப் பேரரசி ஆனாள். பிறகு அவளும் விதவை. மகன் அரியணை ஏறினான். மகனோடும் வெளிநாட்டு மருமகளோடும் ஒத்துவரவில்லை. அரண்மனையை விட்டு வெளிக்கிட்டுத் தமையன் ஆண்ட இந்தப் பக்கத்துக்கே வந்து இருந்தாள். அவளுக்கு வாய்த்த தமையன் நல்லவன் போலிருக்கிறது. மகன் செத்த பிறகு பேரனுக்காக நாட்டைப் பார்த்தாள். பேரனும் வளர்ந்ததும் போய் வா என்றுவிட்டான். கடைசிக் காலத்திலும் இந்த ஊர்ப் பக்கம் வந்து, சொந்தக்காரர்களுக்குள் சண்டையைத் தீர்த்து வைக்க அலைந்தாளாம். யாருக்குத் தீர்ந்தது?

“அந்தப் பெண் குழந்தை? முதல் புருஷனுக்குப் பிறந்தது?”

மகள் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். பிறகு சொன்னாள். அந்தப் பிள்ளையை, பருவம் வந்ததும், பிரெஞ்சு ராசாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு இராச்சியமும் சமாதானமாக இருக்க வேண்டும் என்பதற்காக. தாயின் வீட்டார் வைத்த காரியம். தாயும் நின்றுதான் செய்தாள். பிறகு அந்தப் பிள்ளையும் விதவையானாள். புருஷனுக்கு நஞ்சு வைத்தவள் என்று கதை கட்டினார்கள். தாயைப் போலவே அவளையும் பிடித்து அடைத்தார்கள். என்னை வந்து காப்பாற்று என்று தாய்க்கு எழுதினாளாம். காப்பாற்றினாளா என்று அந்தச் சுவரில் போடவில்லை.

“சுரங்கத்துக்குள்ளால ஊர்ந்து தப்பினவ, தன்ர பிள்ளையைத் தூக்கிக் குடுத்தவவோ?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். “உது உனக்கு அப்பவே தெரியுமோ?”

“ஓம். எல்லாம் வாசிச்சனான்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“அவ தப்பின இடத்தோட நிப்பாட்டினால்தானே அம்மா நல்லா இருக்கும்.” சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அண்டைக்கு மாமா கேக்கேக்க நீங்கள் கன நேரம் பேசாமல் இருந்தீங்கள்.”

“கோவத்தில வாய் வரேல்லை, பிள்ளை.”

“அது எனக்குத் தெரியாதே. அம்மம்மா உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவ. உங்களுக்கு அந்த வீடு எவ்வளவு விருப்பம் எண்டும் எனக்குத் தெரியும். எனக்கு உந்த மிச்சக் கதைதான் ஞாபகம் வந்தது. நீங்கள் என்ன சொல்லப்போறீங்கள் எண்டு, உங்கட வாயையே பாத்துக்கொண்டு நிண்டனான். கையெல்லாம் நடுங்கினது. அதுதான் தட்டைக் கீழ வைக்கேல்லை. வைச்சால் சத்தம் கேக்கும்.”

அங்கே போட்டிருந்த மர வாங்கில் போய் இருந்தேன். வீடு போனது, அம்மா பேசாமல் போனது, அண்ணா முகம் திருப்பியது, எல்லாவற்றையும் நான் விழுங்கிவிட்டேன். இதை விழுங்க முடியவில்லை. நான் பெற்ற பிள்ளை, நான் அவளை விற்றுவிடுவேனோ என்று பயந்துகொண்டு ஒரு தட்டோடு நின்றிருக்கிறாள். அந்த நேரம் முழுக்க அவளுக்கு நான் தாயாக இருக்கவில்லை, பதில் தெரியாத ஒரு பொம்பிளையாக இருந்திருக்கிறேன். என்மேல் இப்படிச் சந்தேகப்பட உனக்கு எப்படி மனம் வந்தது என்று அவளோடு சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். குடிபூரலன்று காலையில், அதே வீட்டு வாசலில், நானும் பானை ஏந்திய என் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டு அப்படித்தான் நின்றேன்.